துடைத்து வைத்த கண்ணாடிகள்

அத்தியாயம் 11

போன வாரம் லென்ஸ் அக்காவை அவள் வீட்டு வாசலில், கையில் ஒரு ஜோடிச் செருப்போடு நிறுத்திவிட்டு வந்தோம். யாரையும் அடிக்க எடுத்த செருப்பு அல்ல. மகளின் வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்கியது ஓர் அளவு சின்னதாகப் போய்விட, அதை மாற்றிவரக் கிளம்பியிருந்தாள். செருப்பு மாறிவிட்டது. வீட்டில் வேறெதுவும் மாறவில்லை.

இடையில் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. லென்ஸ் அக்கா கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் அறுத்துத் தேய்த்துப் பொருத்துகிறவள். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே ஸ்டூல். அவளுடைய ஒரே மகள் சிட்டு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரிச் சேவைக்குழுவில் பன்னிரண்டு பேர் பத்து நாள் பயணமாக வெளிநாடு போய், அங்கே கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து, பிள்ளைகளோடு இருந்து, சேவை செய்துவிட்டு வரப்போகிறார்கள்.

"சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டா. கடல் தாண்டிப் போய் சேவை பண்ணப் போறாளாம்" என்று லென்ஸ் அக்கா முதல் நாளே சொல்லித் தொலைத்தாள். அதன் பிறகு இரண்டு வாரம் அம்மாவும் மகளும் அப்பா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் சிட்டு கடைக்கே வந்தாள். கையில் ஒரு பட்டியல். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், பக்கத்துச் சுகாதார நிலைய நர்ஸ் பிள்ளைகளின் கண்களைச் சோதித்திருக்கிறாள். கண்ணாடி வேண்டியவர்கள் அறுபத்துநாலு பேர். யார் யாருக்கு என்ன பவர் என்று தலைமையாசிரியை எழுதி அனுப்பியிருந்தார்.

"இதைச் செஞ்சு தர முடியுமாம்மா?" என்று கேட்டாள் சிட்டு.

அம்மா கடைத்தெருவில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் மூன்றடி தள்ளி நடக்கிற பெண் அவள். அம்மாவின் வேலையை நம்பி அவள் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. லென்ஸ் அக்கா உருகிப்போனாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். கடை முதலாளியம்மா பழைய சரக்கிலிருந்து பிரேம்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து வாரத்தில் அறுபத்துநாலு கண்ணாடியும் தயார். ஒவ்வொன்றின் இடது லென்ஸிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர், அதில் பட்டியலில் உள்ள பிள்ளையின் எண்.

இன்று மாலை ஐந்தரைக்கு வேன். இப்போது காலை மணி ஒன்பது.

லென்ஸ் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கொல்லைக் குழாயடியிலிருந்து அவள் புருஷன் எதையோ முணுமுணுத்துப் பாடுகிற சத்தம் கேட்டது. கேட்டதுமே அடுப்பை அணைத்தாள். அந்த மனிதர் கையில் கண்ணாடிப் பொருள் ஏதாவது இருந்தால்தான் பாடுவார்.

கரண்டியோடு ஓடினாள். கொல்லையில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் அறுபத்துநாலு கண்ணாடிகளும் வெயிலில் பளபளத்தன.

"எப்படி இருக்கு?" என்றார் பெருமையாக.

"ஸ்டிக்கர் எங்கேங்க?"

"அதுவா? வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில அரை மணி ஊற வச்சேன். தானா கழண்டு வந்துடுச்சு. பசைகூட ஒரு பொட்டு இல்லை, தடவிப் பாரு."

இந்த இடத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். இருபத்தாறு வருடமாக மாணவர்கள் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருகிற குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் கழுவிக்கொண்டிருக்கிறார். ஊற வை, லேபிளை உரி, கழுவு, காய வை, வகை பிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை மாறாது.

"அதுல நம்பர் எழுதியிருந்தேனே, கண்ணுல படலையா உங்களுக்கு?"

"பட்டுது. நம்பர் எழுதின லேபிள்னா வேலை முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்? வகை வேற பிரிச்சு வச்சிருக்கேன் பாரு. கறுப்பு தனி, பழுப்பு தனி, சிவப்பு தனி, நீலம் தனி."

லென்ஸ் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கரண்டி இருந்த கையாலேயே அடித்துக்கொண்டதால் நெற்றியில் குழம்பு.

"எந்தக் கண்ணாடி எந்தப் பிள்ளைக்குன்னு அந்த ஸ்டிக்கர்லதாங்க இருந்துது! வேற எங்கேயும் இல்லை!"

அவர் துண்டைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு குழாயடிச் சாக்கடையைப் பார்த்தார். சோப்பு நுரையோடு கடைசியாக ஒரு ஸ்டிக்கர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அகப்படவில்லை.

சத்தம் கேட்டு சிட்டு வந்தாள். 'புன்னகை பரப்புவோம்' என்று அச்சடித்த மஞ்சள் பனியன் போட்டிருந்தாள். அந்தப் பனியன் மஞ்சளா பச்சையா என்று குழுவில் பதினொரு நாள் வாதம் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். விஷயம் தெரிந்ததும் பரப்புவதற்கு அவளிடம் புன்னகை மிச்சமில்லை.

"அப்பா, உங்களை யாரு தொடச் சொன்னா?"

"வெளிநாடு போற சாமான், சுத்தமா இருக்கட்டுமேன்னு…"

சிட்டு கோ-ஆர்டினேட்டர் சாரைக் கூப்பிட்டாள். குழுவை அழைத்துப் போகிற விரிவுரையாளர் அவர். பதினாலு பக்கப் பயணத் திட்டத்தை மூன்று நிறத்தில் அச்சடித்துத் தந்தவர்.

"இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகலாமா?" என்றார் ஸ்பீக்கரில். "எல்லாத்தையும் மேசை மேல பரப்பிடுவோம். பிடிச்ச கலரைப் பசங்களே எடுத்துக்கட்டும். போட்டோவும் நல்லா வரும்."

லென்ஸ் அக்கா போனைப் பிடுங்கினாள். "சார், அது வளையல் இல்லை, கண்ணாடி. மைனஸ் மூணு போட வேண்டிய பிள்ளை மைனஸ் ஒண்ணு போட்டா கரும்பலகை தெரியாது. மைனஸ் ஒண்ணு பிள்ளை மைனஸ் மூணு போட்டா தலைவலியில வாந்தி எடுக்கும். அதையும் போட்டோ எடுப்பீங்களா?"

"அம்மா!" என்றாள் சிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன அம்மா, நொம்மா? எடு பெட்டியை. கடைக்குப் போறோம். நீங்களும் வாங்க" என்று புருஷனையும் முறைத்தாள். "எழுதற வேலை உங்களுக்கு. தண்ணி இருக்கற பக்கம் மட்டும் போயிடாதீங்க."

கடையில் லென்ஸின் பவர் பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. கண்ணாடியை அதில் வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்து, திருகைத் திருப்பினால் எண் சொல்லும். அறுபத்துநாலு கண்ணாடி, நூற்று இருபத்தெட்டு லென்ஸ். ஒவ்வொன்றையும் அளந்து, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள தூரத்தையும் அளந்து, பட்டியலில் எந்தப் பிள்ளையோடு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து வாரம் செய்த வேலையைத் தலைகீழாகத் திரும்பச் செய்வது.

முதல் கண்ணாடிக்கே பத்து நிமிடம் ஆனது. கோபத்தில் லென்ஸ் அக்கா திருகைக் கூடுதலாகத் திருப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"தள்ளும்மா" என்றாள் சிட்டு.

"உனக்கு என்ன தெரியும்?"

"அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து இந்த மேசையிலதானே வீட்டுப்பாடம் எழுதினேன். தள்ளு."

உட்கார்ந்தாள், திருகினாள். "வலது மைனஸ் ஒண்ணேகால். இடது மைனஸ் ஒண்ணரை. நடுத்தூரம் அம்பத்தாறு."

லென்ஸ் அக்கா சந்தேகத்தோடு ஒரு தடவை சரிபார்த்தாள். அப்படியே இருந்தது. பாராட்டலாமென்று வாய் வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது, "இவ்வளவு தெரிஞ்சவ ஒரு நாளாவது எனக்கு ஒத்தாசை பண்ணியிருக்கியா?" என்பதுதான். சிலருக்கு அப்படித்தான் வாய் அமைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. மகள் படிக்க, அம்மா பட்டியலில் தேட, அப்பா எண் எழுதி ஒட்டினார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. நடுவில் ஒரு கண்ணாடியில் விரல் ரேகை தெரிந்தது. கைக்குட்டையை எடுத்தார். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில், "தொடாதீங்க!" என்று கத்தினார்கள். கடைக்கு வந்திருந்த ஒருவர் பயந்துபோய், தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பிரேமைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இரண்டே முக்காலுக்கு அறுபத்திரண்டு முடிந்தது. கடைசி இரண்டில் சிக்கிக்கொண்டது. பத்தொன்பதாம் எண்ணுக்கும் ஐம்பத்திரண்டாம் எண்ணுக்கும் பவர் ஒன்று, நடுத்தூரமும் ஒன்று. கையில் இருந்தது ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு. அந்த இரண்டு பேரில் ஒருத்தி சிவப்புதான் வேண்டுமென்று கேட்டதாகத் தலைமையாசிரியை எப்போதோ சொல்லியிருந்தார். அதை லென்ஸ் அக்கா ஸ்டிக்கரில் குறித்தாளே தவிர, வேறெங்கும் எழுதிவைக்கவில்லை.

"ரெண்டும் ஒரே பவர்தானே? எதைக் குடுத்தா என்ன?" என்றார் அப்பா.

"கேட்ட பிள்ளை ஞாபகம் வச்சிருக்கும்ங்க. போனைப் போடுடி."

சிட்டு தலைமையாசிரியையை அழைத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு நடந்தது. முதலில் சிரித்துத்தான் பேசினாள். பிறகு சிரிப்பு நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சிவப்பு பத்தொன்பதுக்கு" என்றாள்.

"அதுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?"

"பள்ளிக்கூடம் நாளன்னிக்கோட மூடறாங்கம்மா. வருஷ லீவு. நாங்க போய்ச் சேர்றப்போ அங்கே ஒரு பிள்ளைகூட இருக்காது."

அப்பா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

கணக்கு இதுதான். விமானம் இன்று இரவு. நாளைக் காலை போய் இறங்குவார்கள். பதினாலு பக்கத் திட்டப்படி முதல் மூன்று நாள் நகரத்தில் அறிமுகக் கூட்டம், அருங்காட்சியகம், ஏரி. நாலாம் நாள்தான் கிராமத்துப் பள்ளி. ஆனால் நாளை மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும் பிள்ளைகள் பெற்றோரோடு மலைமேல் உள்ள தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அறுபத்துநாலு பேரில் இருபத்தேழு பேர் கடைசி வகுப்பு. அவர்கள் அதோடு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வரப்போவதில்லை. தலைமையாசிரியை இதைக் கோ-ஆர்டினேட்டருக்கு இரண்டு தடவை எழுதியிருந்தார்.

சிட்டு மறுபடியும் அவரைக் கூப்பிட்டாள்.

"தெரியுமே" என்றார் சாவகாசமாக. "டிக்கெட் போட்ட பிறகுதான் சொன்னாங்க. ஒரு விதத்துல நல்லதுதான். பசங்க இல்லாட்டி சுவத்துக்குப் பெயின்ட் அடிக்க வசதி."

"கண்ணாடி சார்?"

"ஆபீஸ் ரூம்ல வச்சிட்டு வந்துடலாம்."

சிட்டு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அழுகை வருமென்று லென்ஸ் அக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்படியே லென்ஸ் அக்காவின் முகம்.

"அம்மா, அந்த நர்ஸ் நாளைக்கு மருந்து எடுக்க நகரத்துக்கு வராங்களாம். சுகாதார நிலைய ஜீப்ல. நான் இறங்கினதும் ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னு நர்ஸ் சொன்னதாத் தலைமையாசிரியை அப்பவே போன்ல சொன்னாங்க. சாயந்தரம் ஊருக்குப் போயிடலாம். மறுநாள் காலையில எல்லாருக்கும் போட்டுவிட்டுடலாம். நாலாம் நாள் குழு வந்ததும் சேர்ந்துக்கறேன்."

"தனியாவா?"

"நர்ஸோட."

"முடியாது" என்றாள் லென்ஸ் அக்கா. "அவங்க யாரோ, எவரோ. நீ மாவு மில்லுக்குப் போனாலே வழியில மூணு தடவை போன் பண்றவ. பெட்டியைத் தபால்ல அனுப்பிக்கலாம்."

"தபால் போய்ச் சேர ஒரு மாசம் ஆகும். அந்த இருபத்தேழு பேர்?"

இந்தப் பயணத்தைக் கிண்டல் செய்தது லென்ஸ் அக்காதான். உருப்படியாக ஒரு வேலையாவது செய்யுங்களேன் என்று கத்தியதும் அவள்தான். இப்போது உருப்படியான வேலை எதிரே வந்து நிற்கிறது. செய்ய விடுவதற்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தின்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அந்த நர்ஸுக்குப் போன் போடு. நான் பேசணும்."

மகள் மொழிபெயர்க்க, நர்ஸிடம் பேசினாள். மகளின் பாதுகாப்பைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கையில் வைத்திருந்தாள். அதில் ஒன்றைக் கேட்பதற்குள் மறுமுனைக் குரல் படபடவென்று பொரிந்தது.

"என்ன சொல்றாங்க?"

"இருபத்திரண்டாம் நம்பர் பையனுக்கு சிலிண்டர் பவர் இருக்காம். ஆக்சிஸ் நூத்தி எழுபதுன்னு எழுதிக் குடுத்தேனே, அதைச் சரியாப் போட்டாளா உங்கம்மான்னு கேக்கறாங்க. அறுபத்துநாலு பிள்ளைகளை நின்ன கால்ல நின்னு சோதிச்சிருக்கேன், பெயின்ட் அடிக்கறவங்க கையில குடுத்துப் பாழாக்கிடாதீங்கன்னு திட்டறாங்கம்மா."

லென்ஸ் அக்காவின் முகம் அன்று முதல் தடவையாகத் தெளிந்தது. எடுத்த எடுப்பில் ஆக்சிஸை, லென்ஸைப் பொருத்த வேண்டிய கோணத்தை, கேட்கிற பெண்பிள்ளையை நம்பலாமென்று அவளுக்குத் தோன்றியது.

"நூத்தி எழுபதேதான்னு சொல்லு. ஜீப் நம்பரையும் அவங்க போட்டோவையும் அனுப்பச் சொல்லு."

பிறகு கடையின் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். குழுவை விட்டு மூன்று நாள் மகள் நர்ஸோடு இருக்கத் தனக்குச் சம்மதம், பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை வாங்கிப் படித்த அவள் புருஷன் பேனாவை எடுத்து, 'என்னுடையது' என்பதை அடித்துவிட்டு 'எங்களுடையது' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். காலையிலிருந்து அவர் செய்த முதல் உருப்படியான காரியம்.

ஐந்தரைக்கு வர வேண்டிய வேன் ஐந்தே காலுக்கே, சிட்டு சொல்லியிருந்தபடி, கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே பதினொரு மஞ்சள் பனியன்கள். கோ-ஆர்டினேட்டர் சார் இறங்கிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் செல்லாதும்மா. குழுவோட வந்து குழுவோட போகணும். அது ரூல்."

"ரூலை நீங்களே வச்சுக்குங்க சார். அவ பாஸ்போர்ட்டைக் குடுங்க."

பன்னிரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் பத்திரத்துக்கென்று அவர் தோள்பையில் இருந்தன. அவர் பையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஊர் திரும்பற வரைக்கும் எல்லாமே என்கிட்டதான் இருக்கும். இஷ்டம்னா வரட்டும், இல்லேன்னா நிக்கட்டும். போற இடத்துல பிரச்சினை பண்ற பொண்ணு எனக்கு வேண்டாம்."

லென்ஸ் அக்கா வாயைத் திறந்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். கடைத்தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சிட்டுவின் கையிலிருந்த கண்ணாடிப் பெட்டியை வாங்கினாள். விறுவிறுவென்று வேனில் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், கோ-ஆர்டினேட்டர் சாருடைய மூன்று நிறத் திட்டம் வைத்திருந்த இடத்தில், அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்றீங்க? விமானத்துக்கு நேரமாகுது!"

"எனக்கு ஆகலை சார். பாஸ்போர்ட்டைக் குடுங்க, இறங்கிக்கறேன்."

டிரைவர் ஒரு நிமிடம் பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டார்.

"ஏம்மா, கடையைப் பூட்டணுமே, சாவி?" என்றார் வெளியிலிருந்து அவள் புருஷன், பரிதாபமாக.

கோ-ஆர்டினேட்டர் சார் பைக்குள் கையை விட்டார். எல்லாக் கண்களும் அந்தக் கையின்மேல் இருந்தன. வெளியே வந்தது அவருடைய போன். "பிரின்சிபால் சார்கிட்டயே பேசிடறேன்" என்று எண்ணைத் தட்டினார்.

அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ, பயணமே போய்விடுமோ என்று லென்ஸ் அக்கா நினைத்தாள். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் லேசாக ஆடியது. யாரோ ஏறுகிறார்கள்.

"கொஞ்சம் நகரும்மா" என்றாள் சிட்டு. இத்தனை வருடம் மூன்றடி தள்ளியே நடந்தவள், பதினொரு பேர் பார்க்க அம்மாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சார்" என்றாள் வெளியே பார்த்து, அச்சு அசல் அம்மாவின் குரலில். "பேசி முடிச்சதும் போனை இங்கே குடுங்க. பள்ளிக்கூடம் மூடறது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நானும் பிரின்சிபால்கிட்ட சொல்லணும்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.